எட்டு போடுதல்: தமிழகத்தில் மெதுவோட்டப் பயிற்சியின் வரலாறு

எட்டு போடுதல் என்பது இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம் கேட்பவர், 8 என்ற எண்ணின் வடிவில் அமைந்த பாதையில், காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியை மெதுவாக ஓட்டிக்காட்டும் தேர்வு. தமிழகத்தின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் பல தலைமுறைகளாக நடந்துவருவது. பேச்சுவழக்கில் ‘எட்டு போட்டாச்சா?’ என்றால் ‘லைசென்ஸ் வாங்கியாயிற்றா?’ என்று பொருள். இத்தேர்வு முதன்மையாக சோதிப்பது ஒரு திறனை மட்டுமே. நடக்கும் வேகத்தில் செல்லும் வண்டியைச் சாயாமல், அணையாமல், நினைத்த இடத்தில் திருப்பும் திறன் அது. இக்கட்டுரையில் அது மெதுவோட்டம் எனப்படுகிறது.

எடை மிகுந்த மோட்டார் சைக்கிள்களில் மெதுவோட்டம் தனியாகப் பயிலவேண்டிய ஒன்று. நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இலகுவாகச் செல்லும் வண்டியே தெருமுனையில் திரும்பும்போது ஓட்டுபவரைக் கீழே தள்ளிவிடும். தமிழகத்தில் இத்திறன் சைக்கிள், புல்லட், ராணுவம், ஓட்டுநர் தேர்வு ஆகிய நான்கு வழிகளில் வளர்ந்தது. இன்று அது அன்றாடம் தேவைப்படும் இடங்களில் ஒன்று திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதி.

மெதுவோட்டத்தின் இயல்பு

ஓடும் இருசக்கர வண்டி விழாமலிருப்பதற்கு சுழலும் சக்கரங்களின் பம்பர விளைவே காரணம் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி பம்பர விளைவை நீக்கிய சைக்கிளையும் தன்னால் ஓட்ட முடிந்தது என்று 1970ல் ‘பிசிக்ஸ் டுடே’ இதழில் எழுதினார். 2011ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, பம்பர விளைவும் முன்சக்கரத்தின் பின்னிழுப்பும் இல்லாத சைக்கிள்கூடத் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ள முடியும் என்று காட்டியது. இந்த ஆய்வுகள் வழியாகத் தெளிந்த செய்தி இது: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் திரும்பவேண்டும். அப்போது சக்கரங்கள் எடையின் அடியில் வந்துசேர்கின்றன, வண்டி நிமிர்கிறது.

வேகமாகச் செல்லும்போது இந்தத் திருத்தத்தைப் பெரும்பாலும் வண்டியே செய்துகொள்கிறது. வேகம் குறையக் குறைய அப்பொறுப்பு ஓட்டுபவரின் கைக்கு வருகிறது. வேகம் குறைந்தால் ஒரே அளவு திருத்தத்துக்கு ஹேண்டில்பாரை அதிகமாகத் திருப்பவும் வேண்டும். புதிதாகப் பழகுபவரின் வண்டி பாம்புபோல நெளிவது அதனால்தான். நெளிவதைக் கண்டு கையை இறுக்கிக்கொண்டால் வண்டி விழும்.

எஞ்சின் இன்னொரு சிக்கல். முதல் கியரில் கிளட்ச்சை முழுக்க விட்டால் பெரும்பாலான வண்டிகள் மனிதன் நடக்கும் வேகத்தைவிடக் கூடுதலாக ஓடும். ஆக்சிலேட்டரைக் குறைத்தால் எஞ்சின் திணறி அணையும். இதற்குத் தீர்வு ‘ஹாஃப் கிளட்ச்’. கிளட்ச் முழுக்கப் பிடிக்கப்படாமலும் முழுக்க விடப்படாமலும் நடுவில் நிற்கும்போது எஞ்சினின் விசையில் ஒரு பகுதி மட்டுமே சக்கரத்துக்குச் செல்கிறது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருக்க, இடக்கையின் விரல்கள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. கூடவே பின் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தால் வண்டி குதிக்காமல் இழுபட்டுச் செல்லும்.

முன் பிரேக்கை மெதுவோட்டத்தில் தொடக்கூடாது என்பது பயிற்சியாளர்கள் முதலில் சொல்லும் பாடம். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன்சக்கரத்தைப் பிடித்தால் வண்டியின் எடை முழுவதும் திரும்பிய பக்கம் சரியும். 100 கிலோ வண்டியைக் காலூன்றித் தடுத்துவிடலாம். 200 கிலோ வண்டியில் அது சில பாகைகள் வரைதான் முடியும். 10 பாகை சாய்ந்த வண்டியைத் தாங்குவதற்கான விசையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு 30 பாகை சாய்ந்ததற்குத் தேவை. அதற்குமேல் தடுக்க முயலும் கால் வண்டிக்கு அடியில் சிக்கும். எடை மிகுந்த வண்டிகள் நின்ற நிலையிலும் திருப்பங்களிலும் சரிவதில் கணுக்காலும் முழங்காலும் காயப்படுவது இவ்வாறுதான்.

சைக்கிள் காலம்

தமிழகத்தில் மோட்டார் சைக்கிள் பரவுவதற்கு முன்பே மெதுவோட்டம் ஒரு விளையாட்டாக இருந்தது. பொங்கல் விளையாட்டுப் போட்டிகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பள்ளி ஆண்டுவிழாக்களிலும் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி தவறாமல் இடம்பெற்றது. சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே, காலை ஊன்றாமல், பக்கத்துக் கோட்டைத் தொடாமல் கடைசியாக வந்துசேர்பவர் வெற்றிபெறுவார். பந்தயத்தில் பின்தங்கியவருக்குப் பரிசு கிடைப்பது பார்வையாளர்களுக்கு வேடிக்கை. ஆனால் இருசக்கர வண்டியின் சமநிலையை இவ்வளவு துல்லியமாக அளக்கும் போட்டி வேறில்லை.

சிற்றூர்களில் நடந்த தொடர் சைக்கிள் ஓட்டும் நிகழ்ச்சி இதன் இன்னொரு வடிவம். ஊர்ப் பொதுவிடத்தில் ஒருவர் பல நாட்கள் இறங்காமல் சைக்கிளில் வட்டமிடுவார். குளிப்பது, உண்பது, முகம் மழிப்பது எல்லாம் சைக்கிள் மேலேயே நடக்கும். இரவில் ஒலிபெருக்கியில் திரைப்பாடல்கள் ஒலிக்க, ஊரார் கூடி நின்று பார்ப்பார்கள். 1970கள் முதல் 1990கள் வரை இளமையைக் கழித்த பலருக்கு இது ஊர்நினைவு. அக்கலைஞர் காட்டியது மெதுவோட்டத்தின் உச்சநிலை.

சிறுவர்கள் பெரியவர்களின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார்கள். இருக்கை எட்டாத உயரத்தில், கம்பிக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறமும் வண்டியை மறுபுறமும் சாய்த்து ஓட்டும் முறை அது. வண்டி சாயும்போது உடலை நிமிர்த்தி வைத்துக்கொள்ளும் இதே உத்தியை எடை மிகுந்த மோட்டார் சைக்கிளைக் குறுகிய இடத்தில் திருப்புவதற்கு இன்று உலகெங்கும் கற்பிக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வழியாக ஏராளமான பெண்கள் சைக்கிள் கற்றனர். இவ்வாறு சைக்கிளே தமிழகத்தின் பொதுவான சமநிலைப் பள்ளியாக இருந்தது. பின்னர் மோட்டார் வாகனத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இந்த அடிப்படையுடன் வந்தவர்களே.

புல்லட்டும் ட்ரயல்ஸ் பந்தயமும்

தமிழகத்தில் எடை மிகுந்த மோட்டார் சைக்கிள் என்றாலே நினைவுக்கு வருவது புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932 முதல் இப்பெயரைப் பயன்படுத்தியது. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் தாங்கியுடன் கூடிய புதிய 350 சிசி புல்லட் 1940களின் இறுதியில் வந்தது. அதன் பெருமை வேகத்தால் மட்டும் உருவானதல்ல. ட்ரயல்ஸ் எனப்படும் மெதுவோட்டப் பந்தயம் அதில் பெரும்பங்கு வகித்தது.

ட்ரயல்ஸ் பந்தயத்தில் ஓட்டுபவர் பாறை, சேறு, ஓடை, செங்குத்தான சரிவு ஆகியவற்றின் வழியே வண்டியைச் செலுத்தவேண்டும். பெரும்பாலும் நேரத்தைவிட முக்கியமானது கால். குறிப்பிட்ட பகுதிக்குள் காலைத் தரையில் ஊன்றினால் குற்றப்புள்ளி. ஊன்றாமல் கடப்பவரே சிறந்தவர். 1909ல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆறுநாள் ட்ரயல் இவ்வகையில் புகழ்பெற்ற பந்தயம். ஜானி பிரிட்டன் 1952ல் 350 சிசி புல்லட்டில் அதை வென்றார். 1957லும் ராயல் என்ஃபீல்டு வண்டியிலேயே மீண்டும் வென்றார்.

புல்லட்டின் எஞ்சின் இதற்கு ஏற்றது. அதன் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தொலைவு 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சிசி. விட்டத்தைவிட நகர்தொலைவு கூடிய இத்தகைய எஞ்சின்கள் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவிசை தருபவை. கனமான ஃப்ளைவீல் எஞ்சினை எளிதில் அணையவிடாது. ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்கும் அளவுக்கு மெதுவாக ஓடியபடியே வண்டியை முன்னால் இழுத்துச் செல்லும். ஊர்வலங்களில் காவலர்களின் புல்லட் ஆட்களோடு ஆட்களாக நகர்வதற்கு இந்த அமைப்பே உதவியது.

1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 800 புல்லட் வண்டிகளுக்கு ஆணையிட்டது. அவற்றை வழங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் 1955ல் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் ஆலை அமைந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இணைத்தனர். 1960களின் தொடக்கத்துக்குள் முழுவண்டியும் இங்கேயே உருவாகத் தொடங்கியது. ரெட்டிச் ஆலை 1967ல் மூடப்பட்டது. 1970ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றது. ட்ரயல்ஸ் களத்தில் பெயர்பெற்ற அந்த எஞ்சின் வடிவம் திருவொற்றியூரில் மேலும் பல பத்தாண்டுகள் உயிர்வாழ்ந்தது.

ஆனால் வண்டி வந்த அளவுக்கு அதனுடன் இருந்த பயிற்சி வரவில்லை. சென்னையில் 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் பந்தயங்கள் நடந்தன. வேகத்துக்கு அமைப்பும் தடமும் ரசிகர்களும் இருந்தனர். மெதுவோட்டத்துக்கு அத்தகைய நிலைத்த அமைப்பு எதுவும் வேரூன்றவில்லை. புல்லட் வாங்கியவர் அதை அண்ணனிடமோ மெக்கானிக்கிடமோ கற்றார்.

ராணுவத்தில் மெதுவோட்டம்

மெதுவோட்டம் முறையான பயிற்சியாக நிலைத்த இடம் ராணுவம். ராணுவத்தின் சிக்னல்ஸ் படைப்பிரிவில் 1935ல் உருவான ‘டேர்டெவில்ஸ்’ குழு மோட்டார் சைக்கிள் சாகசங்களுக்குப் பெயர்பெற்றது. குடியரசு தின அணிவகுப்பில் ஒரே வண்டியில் பலர் கோபுரம்போல அடுக்கி நிற்க, தில்லியின் அணிவகுப்புச் சாலையில் புல்லட் மெல்ல ஊர்ந்து வரும் காட்சி தூர்தர்ஷன் வழியாகத் தமிழக வீடுகளுக்கும் வந்தது. ராணுவ சேவைப் படைப்பிரிவின் ‘டொர்னேடோஸ்’ குழு 2017 நவம்பரில் பெங்களூரு எலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஒரே 500 சிசி ராயல் என்ஃபீல்டில் 58 பேரை ஏற்றி ஓட்டி உலகசாதனை செய்தது.

பார்ப்பவர்களுக்கு இது சாகசம். ஓட்டுபவருக்கு இது மெதுவோட்டம். இத்தனை பேரைச் சுமந்த வண்டியில் ஒரு சிறு குலுக்கல்கூட அனைவரையும் வீழ்த்தும். கிளட்ச்சை விடும் கையின் நிதானம்தான் அங்கே முதல் தகுதி.

ஓட்டுநர் தேர்வும் எட்டும்

இந்திய மோட்டார் வாகனச் சட்டம் முதலில் 1914ல் இயற்றப்பட்டது. 1939ல் விரிவான சட்டம் வந்தது. இன்று நடைமுறையிலிருப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அது 1989 ஜூலை 1 முதல் செயலுக்கு வந்தது. அதன்கீழ் உருவான மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 ஓட்டுநர் தேர்வை வரையறுக்கின்றன. பழகுநர் உரிமம் பெற்று 30 நாட்கள் கழிந்தபின் தேர்வுக்குச் செல்லலாம். அந்த உரிமம் ஆறு மாதம் செல்லும். தமிழகத்தில் அதை ‘எல்.எல்.ஆர்.’ என்றும், தேர்வு நடத்தும் மோட்டார் வாகன ஆய்வாளரை ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றும் மக்கள் அழைக்கின்றனர்.

இருசக்கர வாகனத்துக்கு எட்டு வடிவம் தேர்வானதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. சிறிய திடலில் நடத்தலாம். ஆய்வாளர் ஓரிடத்தில் நின்றே முழுவதையும் பார்க்கலாம். எட்டில் ஒரு வட்டம் இடப்பக்கமும் மறுவட்டம் வலப்பக்கமும் திரும்பும். பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு ஒரு பக்கத் திருப்பம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும். வலப்பக்கம் முழுக்கத் திரும்பும்போது ஆக்சிலேட்டரைப் பிடித்த மணிக்கட்டு உடலோடு ஒட்டி மடங்குகிறது. இடப்பக்கம் திரும்பும்போது அதே கை நீள்கிறது. இரண்டிலும் வேகம் மாறாமல் காப்பது கடினம். இரு வட்டங்களும் சந்திக்கும் நடுப்புள்ளியில் சாய்வை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றவும் வேண்டும். கால் ஊன்றினால் தோல்வி. ட்ரயல்ஸ் பந்தயத்தின் விதியும் பொங்கல் சைக்கிள் போட்டியின் விதியும் இங்கும் அதுவே.

எட்டின் அருகே ஒரு பழகு தொழிலும் வளர்ந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் காலையில் காலிமனைகளில் எட்டு வரைந்து பழக்குகின்றன. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு பணிபுரியும் பெண்களுக்கான மானிய விலை ஸ்கூட்டர் திட்டத்தைத் தொடங்கியது. மானியம் பெற ஓட்டுநர் உரிமம் தேவை என்பதால் அந்நாட்களில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் பெண்களின் கூட்டம் பெருகியது. வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டாத பலர் நடுவயதில் எட்டு பழகினர்.

எடை மாறியது, தேர்வு மாறவில்லை

1980களில் தமிழகச் சாலைகளின் வண்டிகள் இலகுவாயின. 1980ல் டிவிஎஸ் 50 வந்தது. 1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகியவை வந்தன. சுமார் 100 கிலோ எடையுள்ள இவ்வண்டிகளே எட்டுத் திடலை நிறைத்தன. அவற்றில் எட்டு போடுவது எளிது. தடுமாறினால் சமாளிப்பதும் எளிது.

அடுத்த பத்தாண்டுகளில் எடை திரும்பி வந்தது. 1994ல் ஐஷர் குழுமத்துடன் இணைந்த என்ஃபீல்டு 2000களில் புத்துயிர் பெற்றது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன. 2021ல் வெளிவந்த கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. நெடும்பயணத்துக்கென 2023ல் விற்பனைக்கு வந்த சூப்பர் மீட்டியர் 650 வண்டியின் எடை 241 கிலோ. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் 2007ல் இந்தியாவுக்குள் நுழைய அனுமதி பெற்றது. அதற்கு ஈடாக இந்திய மாம்பழங்கள் அமெரிக்காவுக்குள் சென்றன. அந்நிறுவனத்தின் பெரிய பயணவண்டிகள் 350 கிலோவுக்கு மேல் எடை கொண்டவை.

ஆனால் உரிமத்தில் இந்த வேறுபாடு இல்லை. ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ என்ற ஒரே பிரிவின்கீழ் அனைத்தும் அடங்குகின்றன. 100 கிலோ வண்டியில் எட்டு போட்டு உரிமம் பெற்றவர் மறுநாளே 350 கிலோ வண்டியை ஓட்டலாம். சட்டப்படி அதில் தவறில்லை. உடலுக்கு அது முற்றிலும் புதிய வண்டி.

கேரளத்தில் இந்தச் சிக்கல் வேறொரு வடிவில் வெளிப்பட்டது. அங்கே நெடுங்காலம் எட்டு போடுவதற்குக் கையால் கியர் மாற்றும் பஜாஜ் எம்80 வண்டியே பயன்பட்டது. சிறியது, இலகுவானது, சாலையிலிருந்து ஏறத்தாழ மறைந்தபின்னும் தேர்வுத் திடலில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2024ல் கேரளப் போக்குவரத்துத் துறை அதை விலக்கியது. காலால் கியர் மாற்றும், 95 சிசிக்குக் குறையாத வண்டியில்தான் தேர்வு என்று விதித்தது.

புல்லட்டுக்குள்ளேயே இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. பழைய பிரிட்டிஷ் முறைப்படி அதன் கியர் வலக்காலிலும் பின் பிரேக் இடக்காலிலும் இருந்தன. 2000களில் வந்த புதிய வண்டிகளில் இது தலைகீழாயிற்று. மெதுவோட்டம் பின் பிரேக்கை நம்பியது என்பதால், பல ஆண்டுகள் புல்லட் ஓட்டியவர்களும் தங்கள் கால்களை மீண்டும் பழக்கவேண்டியிருந்தது.

ரமணாசிரமம் பகுதி

திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலிலிருந்து செங்கம் சாலையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் ரமணாசிரமம் உள்ளது. 1896ல் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி மலைக்குகைகளில் வாழ்ந்தார். 1922ல் அவர் அன்னை மறைந்தபின் மலையடிவாரத்தில் அன்னையின் சமாதியை ஒட்டி ஆசிரமம் உருவானது. பால் பிரண்டன் 1934ல் வெளியிட்ட நூல் வழியாக அவர் மேலைநாடுகளில் அறியப்பட்டார். அன்றுமுதல் வெளிநாட்டவர் வருகை தொடர்கிறது. மழைக்காலம் முடிந்து கோடை தொடங்கும்வரை இப்பகுதியின் விடுதிகளும் உணவகங்களும் நிறைந்திருக்கும். தங்குபவர்கள் பலர் வாடகைக்கு ஸ்கூட்டரோ புல்லட்டோ எடுக்கின்றனர். பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பயணவண்டிகளில் வரும் இளைஞர்களும் இச்சாலையில் மிகுதி.

செங்கம் சாலை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலை இத்தடத்தைச் சார்ந்தது. அதன் ஒரு பகுதியே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையாகவும் உள்ளது. அக்னி லிங்கம், சேஷாத்திரி ஆசிரமம், ரமணாசிரமம், எமலிங்கம் ஆகியவை இவ்வழியில் அமைந்தவை. பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்தின்போதும் பாதையில் வாகனங்கள் தடுக்கப்படுகின்றன. மற்ற நாட்களில் வெறுங்காலுடன் வலம்வருபவர்களும், சாதுக்களும், ஆட்டோக்களும், வெளியூர்ப் பேருந்துகளும், மாடுகளும், நாய்களும் ஒரே சாலையைப் பகிர்கின்றனர்.

கிரிவலம் வருபவர் நிறைமாத கர்ப்பிணி நடப்பதுபோல மெதுவாக நடக்கவேண்டும் என்பது இங்கே மரபாகச் சொல்லப்படுவது. அப்படி நடப்பவர்களுக்கு நடுவே 200 கிலோ வண்டியைச் செலுத்துபவரும் அந்த நடைக்கு இறங்கிவரவேண்டியுள்ளது. நடப்பவர் மலையைப் பார்த்தபடி வருவார். சட்டென்று லிங்கத்தின் பக்கம் திரும்புவார். பின்னால் வரும் வண்டியோட்டி ஹாரன் அடிக்காமல், காலை இருபுறமும் தேய்த்துக்கொண்டு வராமல், நடையின் வேகத்தில் தொடரத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாதவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். சமநிலைக்காக வேகத்தைக் கூட்டி இடைவெளிகளில் நுழைகிறார். அல்லது சட்டென்று முன் பிரேக்கைப் பிடித்து விழுகிறார். முதலாவது நடப்பவருக்கு ஆபத்து, இரண்டாவது ஓட்டுபவருக்கு.

வெளிநாட்டவருக்கு இன்னும் சில தடைகள் உள்ளன. பலர் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து வருபவர்கள். அவர்களுடைய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிள் பிரிவும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கார் உரிமம் மட்டும் போதாது.

பிற நாடுகளின் தேர்வுகள்

எடைக்கேற்ற தேர்வு உலகில் புதிதல்ல. ஜப்பானில் 400 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனி உரிமம். அதன் தேர்வில் 15 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒடுங்கிய மேடைமேல் ஓட்டவேண்டும். பெரிய வண்டிகளுக்கான விதி, அதைக் கடக்க 10 வினாடிக்குக் குறையக்கூடாது என்பது. கணக்கிட்டால் மணிக்கு 5.4 கிலோமீட்டர் வேகம், அதாவது மனிதன் நடக்கும் வேகம். விரைவாகக் கடப்பவர் புள்ளிகளை இழப்பார். பொங்கல் சைக்கிள் போட்டியின் அதே தர்க்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் இருசக்கர உரிமம் வண்டியின் திறனைப் பொறுத்துப் படிப்படியாக வழங்கப்படுகிறது. பிரிட்டனின் தேர்வில் எட்டு, மெதுவோட்டம், குறுகிய இடத்தில் முழுத்திருப்பம் ஆகியவை உள்ளன. அவற்றுடன் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் திடீரென நிறுத்துவதும் தடையை விலகிச் செல்வதும் சேர்க்கப்பட்டுள்ளன. அமெரிக்காவில் 1973ல் தொடங்கப்பட்ட மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளை குறுகிய கட்டத்துக்குள் திரும்புவதைத் தன் அடிப்படைப் பயிற்சியில் வைத்துள்ளது.

பயிற்சி முறை

எடை மிகுந்த வண்டியில் மெதுவோட்டம் பழக ஒரு காலித் திடல் போதும். வழக்கமான வரிசை கீழ்க்கண்டவாறு அமைகிறது.

முதலில் எஞ்சினை அணைத்து வண்டியைத் தள்ளிப் பழகவேண்டும். அதன் எடை எந்தச் சாய்வில் கைமீறுகிறது என்பது அப்போது தெரியும். அடுத்து நேர்கோட்டில் ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்து செல்வது. தரையில் 15 மீட்டர் நீளத்துக்கு இரண்டு கோடுகளை 30 சென்டிமீட்டர் இடைவெளியில் வரைந்தால் ஜப்பானியத் தேர்வின் மேடை கிடைத்துவிடும். அதைக் கடக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

பின்னர் அகலமான வட்டங்கள், அதன்பின் எட்டு. தண்ணீர் பாட்டில்களையோ செங்கற்களையோ அடையாளமாக வைத்து, ஒவ்வொரு நாளும் அவற்றைச் சற்று நெருக்கலாம். பார்வை முன்சக்கரத்தின் மேல் விழாமல், போகவேண்டிய இடத்தை நோக்கி இருக்கவேண்டும். கீழே பார்ப்பவர் கீழே போவார் என்று பயிற்சியாளர்கள் கூறுவதுண்டு. வண்டியை உள்பக்கம் சாய்த்து, உடலை நிமிர்த்தி, எடையை வெளிப்பக்கக் கால்தாங்கியில் வைக்கவேண்டும். கிளட்ச் சூடாகும் என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தவேண்டும். கணுக்காலை மூடிய காலணி, தலைக்கவசம், கையுறை ஆகியவை இவ்வேகத்திலும் தேவை. பின்னிருக்கையில் ஒருவரையும் பெட்டிகளில் சுமையையும் ஏற்றி இறுதியாகப் பழகவேண்டும், ஏனென்றால் பயணத்தில் வண்டியின் உண்மையான எடை அதுவே.

மதிப்பீடு

2022ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இந்த இறப்புகளில் பெரும்பங்கு மெதுவோட்டக் குறைபாட்டால் நிகழ்ந்தது என்று கூறமுடியாது. வேகம், தலைக்கவசமின்மை, சாலையமைப்பு ஆகியவை பெருங்காரணங்கள். எட்டு மட்டுமே கொண்ட தேர்வு திடீரென நிறுத்துவதையும் தடையை விலகிச் செல்வதையும் சோதிப்பதில்லை என்பதும் உண்மை. அவ்வகையில் எட்டு போதாதது.

ஆனால் எட்டு பயனற்றது என்று ஒதுக்கவும் முடியாது. வண்டியை மெதுவாக ஓட்ட அஞ்சுபவர், நெரிசலில் வேகமாக ஓட்டுவதன் ஒரு காரணம் அந்த அச்சமே. சைக்கிள் போட்டியும் குரங்குப் பெடலும் தமிழகத்துக்கு அளித்த சமநிலை, எட்டு வடிவில் ஓட்டுநர் தேர்வுக்குள் வந்தது. அது உரிமம் பெறும் ஒரு காலைப்பொழுதோடு முடிந்துவிடுவதே குறை. வாங்கவிருக்கும் வண்டியின் எடையில் மீண்டும் ஒருமுறை எட்டு போடுவது சட்டத்தில் இல்லை. செங்கம் சாலை போன்ற இடங்களில் நடப்பவரின் பாதுகாப்பு இன்று வண்டியோட்டி தானாக மேற்கொள்ளும் அந்தப் பயிற்சியையே நம்பியிருக்கிறது.